உப்பு நீருக்கு அஞ்சாத செடிகள்

லண்டன் நகரின் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில், கியூ தாவரப் பூங்கா இருக்கிறது. அதன் கண்ணாடி வீடு ஒன்றில் இரவுக் காவலாளி தனியாக இருக்கிறார். வெளியே வானமெங்கும் விண்கற்கள் பொழிகின்றன. உள்ளே நிற்கும் செடி ஒன்று மெல்ல உயர்கிறது, தன் வேரைத் தானே பிடுங்கிக்கொள்கிறது, நகர்கிறது. காவலாளி பிழைக்கவில்லை.

1962ஆம் ஆண்டு பிரிட்டனில் தயாரான 'தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்' என்ற படத்தின் தொடக்கக் காட்சிகளுள் ஒன்று இது. ஸ்டீவ் செகலி இயக்கிய படம். ஹோவர்டு கீல் கதாநாயகன். விஞ்ஞானப் புனைகதையும் திகிலும் கலந்த பிரிட்டிஷ் படங்களைப் பற்றிப் பேசுவோர் இதை விட்டுவிடுவதில்லை. இன்று பார்த்தால் அந்தச் செடிகள் நடக்கும் அழகு சிலருக்குச் சிரிப்பைக்கூட வரவழைக்கலாம். அவ்வாறிருக்க, தூத்துக்குடிக் கடற்கரைக்கும் இப்படத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு படத்தின் முடிவில் இருக்கிறது.

கதை சுருக்கமாக இதுதான். விண்கல் மழையின் பேரொளியைப் பார்த்தவர்கள் எல்லாரும் மறுநாள் பார்வை இழந்துவிடுகின்றனர். கண் அறுவைக்குப் பின் கட்டுடன் மருத்துவமனையில் கிடந்ததால் மாலுமி பில் மேசன் தப்புகிறார். விண்கற்களோடு பூமிக்கு வந்த டிரிஃபிட் என்னும் செடிகள் பல்கிப் பெருகி, குருடான மனிதரை நச்சுக் கொடுக்கால் அடித்துக் கொல்கின்றன. கதாநாயகன் ஒரு பக்கம் ஐரோப்பா முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஆங்கிலக் கடற்கரையை அடுத்த கலங்கரை விளக்கம் ஒன்றில் ஒரு கடலுயிரியல் தம்பதியர் இச்செடிகளை ஆராய்கின்றனர். (இந்தக் கலங்கரை விளக்கக் காட்சிகள், முதலில் எடுத்த படம் போதாமல் போனதால் பின்னர் சேர்க்கப்பட்டவை. எடுத்தவர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ். படத்தின் எழுத்துகளில் அவர் பெயர் இல்லை.) கடைசியில் செடிகள் அவர்களைச் சூழ்ந்துகொள்ளும்போது, வேறு வழியின்றித் தீயணைப்புக் குழாயால் கடல் நீரைப் பீய்ச்சுகின்றனர். டிரிஃபிடுகள் புகைந்து கரைந்துபோகின்றன. உலகம் பிழைத்தது. மருந்து நம் காலடியிலேயே அலையடித்துக்கொண்டிருந்தது!

எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' கதையில் செவ்வாய் மனிதரைச் சாதாரண நுண்ணுயிரிகள் கொல்கின்றன அல்லவா? அந்த முடிவை உப்பில் ஊறவைத்து எடுத்தது போல இருக்கிறது இது.

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தக் குழாய் நீரைக் கொஞ்சம் கவனிக்க விரும்புகிறேன். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சவ்வூடு பரவல் விதிப்படி இதன் அழுத்தத்தைக் கணக்கிட்டால் சுமார் 25 வளிமண்டல அழுத்தம் வரும். அதாவது, 250 மீட்டர் உயர நீர்த்தூண் தரும் அழுத்தம். சாதாரண நிலத்தாவரத்தின் செல் சாறு இதில் பாதியைக்கூட எட்டாது. எனவே வேரைச் சுற்றிக் கடல் நீர் நின்றால், செடி நீரைக் குடிப்பதற்கு மாறாகத் தன்னிடமுள்ள நீரை இழக்கும். மீனை உப்பிட்டுக் கருவாடாக்கும்போது நடப்பதும் இதுவே. உப்பு மீனை எரிப்பதில்லை. அதிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. ஆகவே கடல் நீர் செடியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் நாள் கணக்கில் வாட்டிக் கொல்லும். புகைவதும் கரைவதும் திரைப்படத்தின் வேதியியல்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இப்படம் ஜான் விண்டம் 1951இல் எழுதிய நாவலைத் தழுவியது. நாவலில் டிரிஃபிட் வானத்திலிருந்து வரவில்லை. அது ஒரு பணப்பயிர்! அதிலிருந்து உயர்ந்த எண்ணெய் கிடைக்கிறது. இரும்புத்திரைக்கு அப்பால் மனிதக் கையால் உருவாக்கப்பட்டது என்று கதைசொல்லி ஊகிக்கிறான். அதன் விதைகளை ஒருவன் திருடி விமானத்தில் கொண்டுவரும்போது விமானம் நொறுங்குகிறது; இலேசான விதைகள் காற்றில் பரவுகின்றன. பிறகு உலகமே தெரிந்தும் விரும்பியும் அதைத் தோட்டம் தோட்டமாக வளர்க்கிறது. கொடுக்கை வெட்டிவிட்டு வீட்டு முற்றத்தில்கூட வைத்துக்கொள்கிறார்கள். மேசனும் நாவலில் மாலுமி அல்லன். டிரிஃபிட் பண்ணையில் வேலை செய்யும் உயிரியலாளன். மனிதர் பார்வை இழக்கும் அன்றுதான் இதுவரை பயிராக இருந்தது பகையாகிறது.

படம் எடுத்தவர்கள் இந்தப் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, செடியை விண்கல்லில் ஏற்றி அனுப்பினார்கள். பழி மனிதனிடமிருந்து வானத்திற்குப் போய்விட்டது. என் கருத்தில் இதுவே படத்தின் உண்மையான பலவீனம். தொடக்கக் காட்சிக்குக் கியூ பூங்காவைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதன் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்த்திருக்கலாம். அயல்நாட்டுச் செடிகள் அங்கே வந்து சேர்ந்ததோடு நிற்கவில்லை. அங்கிருந்து உலகெங்கும் அனுப்பப்பட்டன. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் 1876இல் கொண்டுவந்த ரப்பர் விதைகள் கியூவில் முளைத்துத்தான் இலங்கைக்குக் கப்பலேறின. அந்தக் காலத்து அரசுகளுக்குத் தாவரங்களை இடம் மாற்றுவது அன்றாட அலுவல்.

அதே ஆண்டுகளில் மதராஸ் மாகாணத்திலும் அப்படி ஓர் இடமாற்றம் நடந்தது. காடுகள் விறகுக்காக அழிந்துகொண்டிருந்தன. ரயில்களும் விறகை விழுங்கின. வறண்ட நிலத்தில் விரைவாக வளரும் மரம் வேண்டும் என்று வனப் பாதுகாவலர் பெட்டோம் விதைகள் கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த புரோசோபிஸ் விதைகள் 1877இல் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டன. அதுதான் நமது சீமைக்கருவேல் என்னும் வேலிக்காத்தான். தூத்துக்குடியிலிருந்து வேம்பார் வழியாகச் சாயல்குடிக்குப் பேருந்தில் போனால், சன்னலுக்கு வெளியே அதைத் தவிர வேறு மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்மாய்க்குள் அது, வரப்பில் அது, உப்பளத்து வரப்பிலும் அது. டிரிஃபிடுக்கு மூன்று கால்கள்; இதற்கு ஆட்டின் நான்கு கால்கள். இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. விதை செரிக்காமல் புழுக்கையோடு அடுத்த ஊரில் விழுந்து, முன்னினும் நன்றாக முளைக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது, இந்தப் பேரினத்து மரம் ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. உவர் நிலமும் அதற்கு ஒரு பொருட்டன்று. உப்பு நீர்க் குழாயைக் கொண்டு இதை விரட்ட முடியாது.

ஆனால் இதையும் வெறும் பகையாக எழுதிவிட முடியாது. மழை பொய்த்த ஆண்டுகளில் விளாத்திகுளம், இராமநாதபுரம் பக்கத்து ஏழைகளின் அடுப்பை எரியவைத்தது இதன் விறகு. கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் இன்றும் உண்டு. 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டதும், 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். வெட்டுகிறார்கள், மழை பெய்ததும் துளிர்க்கிறது.

இனிக் கடலுக்குள் இறங்குவோம். நான் சொல்ல வந்ததே இதுதான்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரையையொட்டி 21 தீவுகள். இவற்றுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. சுற்றிலும் பவளப்பாறைகள். 1986இல் இப்பகுதி மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். பவளப்பாறைக்கு அப்பால் ஆழத்தில் புகழ்பெற்ற முத்துப்பார்கள். இக்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் சிப்பி போதிய அளவு பாரில் சேரவில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது.

மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாக இத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து வந்தவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டு அழைக்கும் பாசிகளிலிருந்து அகரும் ஆல்ஜினும் கிடைக்கின்றன. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பறிக்கும் கடினமான வேலை. பூங்கா வந்த பிறகு அதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன.

இந்தச் சூழ்நிலையில்தான் காப்பாபைகஸ் ஆல்வரேசி என்னும் செம்பாசி வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளை ஏராளமாகத் தரும். பற்பசை, சாக்லேட் பால், ஐஸ்கிரீம் ஆகியவற்றை இறுகவும் குழையவும் வைப்பது இந்தக் காரஜீனன்தான். (டிரிஃபிட் படத்தில் செடிகளைத் திசைதிருப்ப மேசன் பயன்படுத்துவது இசையொலிக்கும் ஐஸ்கிரீம் வண்டி! தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தினர் 1984இல் ஜப்பானிலிருந்து இதைக் கொண்டுவந்து முதலில் குஜராத்தின் ஓகாவில் பழக்கினர். 1990களின் நடுவில் மண்டபத்தில் திறந்த கடலில் வளர்த்தனர். அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் தொழில்நுட்ப உரிமை பெற்று, மகளிர் குழுக்களைக் கொண்டு பாக் நீரிணைக் கரையில் ஒப்பந்த முறையில் பயிரிடச் செய்தது. ஊர் மக்கள் அதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மூங்கிலால் மூன்று மீட்டர் சதுரத்தில் ஒரு மிதவை. குறுக்கே கயிறுகள், கயிற்றில் விரலளவு பாசித் துண்டுகள். ஓரா மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை. 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் ஏறத்தாழ 240 கிலோ அறுக்கலாம். உரம் வேண்டாம், நிலம் வேண்டாம், பாறையில் கை கிழிய வேண்டாம். கணவர் கையை எதிர்பாராமல் பெண்கள் வங்கிக் கணக்குத் தொடங்கியது இந்த வருவாயால்தான். இதை யாரும் இலேசாகப் பேசிவிடக் கூடாது.

இப்போது பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 45 நாளில் நான்கு மடங்கு என்றால், இரட்டிப்பாவதற்கு 22½ நாள். ஓர் ஆண்டில் 16 முறை இரட்டிக்கலாம். இரண்டை 16 முறை பெருக்கினால் 65,536. மிதவையிலிருந்து ஒடிந்து போன 100 கிராம் துண்டு ஒன்று, தடையே இல்லாவிட்டால், ஆண்டு முடிவில் ஆறரை டன்! உண்மையில் அலை சிதைக்கும், மீன் தின்னும், கோடை வெப்பம் அழுகச் செய்யும். இந்தக் கணக்கு ஒருபோதும் முழுதாக நிறைவேறாது. ஆனால் விதையே இல்லாமல், வித்துத்தூள் இல்லாமல், ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும் உயிர் எவ்வளவு வேகமாகப் பரவ இடமுண்டு என்பதை இது காட்டுகிறது.

உலகம் இதை முன்பே பார்த்திருந்தது. ஹவாய்த் தீவில் மேக்ஸ்வெல் டோட்டி என்ற பாசி அறிஞர் 1974இல் கனேயோஹே விரிகுடாவில் இப்பாசியைச் சோதனைக்காக வளர்த்தார். சோதனை முடிந்த பின்னும் பாசி முடியவில்லை. 1990களில் பார்த்தபோது அது விரிகுடாவின் பவளப்பாறைகளில் கிலோமீட்டர் கணக்கில் பரவியிருந்தது. பிற்பாடு படகில் பெரிய உறிஞ்சு குழாயைப் பொருத்தி, மூழ்காளர்கள் அதைப் பிடுங்கி உறிஞ்ச வேண்டியதாயிற்று. எஞ்சியதைத் தின்ன உள்ளூர்க் கடல் முள்ளெலிகளை வளர்த்து விட்டார்கள்.

2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அயல் பாசியைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம். அதாவது, இடையிலுள்ள பூங்காவில் கூடாது. நல்ல ஆணைதான். ஆனால் வரைபடத்தில் போட்ட கோடு கடலில் தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் வீசும்போது நீரோட்டம் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணையை நோக்கிப் போகும். வாடைக்காற்று தொடங்கினால் நேர் எதிராகப் பாம்பன் கால்வாய் வழியாக வளைகுடாவுக்குள் இறங்கும். அந்த வாயிலை அடுத்து முதலில் நிற்பது குருசடைத் தீவு.

குருசடை சாதாரணத் தீவன்று. முத்து, சங்கு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஜேம்ஸ் ஹார்னெல் காலந்தொட்டே கடலுயிரியலார் நாடிவந்த இடம். சென்னை அருங்காட்சியகம் 1927இல் இதன் கரையோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. 'உயிரியலாளரின் சொர்க்கம்' என்று பெயர். அங்கே பவளத்தின் மேல் காப்பாபைகஸ் படர்ந்திருப்பதாக 2008இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் சந்திரசேகரனும் உடனாய்வாளரும் கட்டுரை வெளியிட்டனர். கொம்புப் பவளத்தின் கிளைகளைப் பாசி போர்வை போல மூடியிருந்தது.

மூடினால் என்ன ஆகும்? பவள உயிரி விலங்குதான். ஆனால் அதன் உணவில் பெரும்பகுதியைச் சமைத்துத் தருபவை அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள். அவற்றுக்கு வெயில் வேண்டும். மேலே தடித்த பாய் விழுந்தால் ஒளிச்சேர்க்கை நின்று, பவளம் பட்டினி கிடந்து வெளுத்துச் சாகும். கொடுக்குமில்லை, நஞ்சுமில்லை, நிழல் ஒன்றே போதும். டிரிஃபிடுகள் மனிதரின் பார்வை போன பிறகு தாக்கின. இது வெளிச்சத்தையே பறித்துக்கொண்டு தாக்குகிறது.

கட்டுரை வெளிவந்ததும் வாதம் கிளம்பியது. படர்ந்த பரப்பு மிகச் சிறியது, இங்கு இது வித்துத்தூளால் பரவுவதற்குச் சான்றில்லை, கையால் எடுத்துவிடலாம் என்பது ஒரு சாரார் கூற்று. சிறிதாக இருக்கும்போதே எடுக்காவிட்டால் ஹவாயின் கதிதான் என்பது மறு சாரார் கூற்று. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் மூழ்காளர்கள் தொடர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் சிங்கில், முள்ளி முதலிய தீவுகளிலும் பாசி தென்பட்டது. வனத்துறையினர் பிடுங்கி எடுக்கிறார்கள். பவளத்தின் இடுக்கில் நகக்கண் அளவு மிஞ்சினாலும் அது மறுபடி தழைக்கும். ஆகவே இது ஒரு தடவையில் முடியும் வேலையன்று. ஆண்டுதோறும் அதே இடத்தில் மூழ்கிப் பார்க்க வேண்டும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் பவளங்கள் வெளுத்து இறந்ததும் பாசிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது போலாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அதே வெப்பம் பயிரையும் விடவில்லை. 2013-14இல் மிதவைகளில் இருந்த காப்பாபைகஸ் பெருமளவில் அழுகிப்போய், நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. பண்ணையில் செத்தது, பாறையில் பிழைத்தது!

இங்கே தூத்துக்குடியின் இன்னொரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் அவரது குழுவினரும் இங்கே சிப்பிக்குள் உருண்டை முத்தை விளைவித்தனர். ஜப்பானியர் காத்துவந்த கலை அது. ஆனால் அறுவை செய்த சிப்பி நம் கடலுக்குரியதே. கயிறு அறுந்து அது கடலில் விழுந்திருந்தாலும் தாய்வீட்டுக்குத்தான் போயிருக்கும். கலையை இரவல் வாங்குவது வேறு, உயிரை இரவல் வாங்குவது வேறு. கஞ்சிப் பாசியையும் மரிக்கொழுந்தையும் மிதவையில் வளர்க்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. வேகத்திலும் விலையிலும் அவை பிலிப்பைன்ஸ் பாசியோடு போட்டியிட முடியாமல் பின்தங்குகின்றன. ஆராய்ச்சிப் பணம் அந்தப் பக்கம் இன்னும் அதிகமாகப் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2021ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் தமிழகத்திற்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாசி வளர்ப்பு இனிப் பெருகும், பெருகவும் வேண்டும். உயிருள்ள பாசியை அயல்நாட்டிலிருந்து கொண்டுவருவதற்கான நெறிமுறைகளை மத்திய மீன்வளத்துறை 2024 அக்டோபரில் வெளியிட்டது. எவரும் தன் விருப்பப்படி விதைப்பாசியைக் கொண்டுவந்து கடலில் கட்டிவிட முடியாது. ஆபத்து மதிப்பீடு வேண்டும், தனிமைப்படுத்தி வைத்துச் சோதிக்க வேண்டும். 1877இல் வனத்துறையிடமும் 1984இல் ஆய்வுக்கூடத்திடமும் இப்படி ஒரு தாள் கேட்கப்படவில்லை.

அடுத்த வாடைக் காலத்தில் நீங்கள் பாம்பன் பாலத்தைக் கடந்தால், ரயிலின் தெற்குப் பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். பாலத்தின் அடியில் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். அது ஓடும் திசையில் தெரியும் பச்சைத் திட்டுதான் குருசடை.